ஒரு சதம் அல்ல

மத்திய வீதி, அடகுப் பிரிவு, மூன்றாம் மேசை.
தாலிக்கொடி ஒன்றை நிறுத்து முடித்த தராசில்
அவன் அதை வைத்தான்.
கிண்ணியா நஸ்மில். உவர்மலையில்
பழைய பங்களா இடிக்கிற கூலி.
"பலகைத் தரைக்குக் கீழ கிடந்திச்சு மிஸ்.
தங்கமா எண்டு ஒருக்காப் பாருங்க."

உரைகல்லுக்கு வேலை இல்லை.
செம்பு. மூன்று கிராம் சொச்சம்.
பழைய இரும்புக் கடையில் ஏழு ரூபாய்.

ஆனால் பூதக்கண்ணாடியை எடுத்த கை
கீழே வைக்க மறுத்தது.
நஸ்மிலுக்குத் தெரியாது,
சம்பளத்தில் பாதியை நான்
அரசு அடிக்காத காசுகளில் தொலைக்கிறவள் என்று.

ஆயிரத்து எண்ணூற்று அறுபத்து மூன்று.
அமெரிக்காவில் அண்ணனும் தம்பியும் சுட்டுக்கொள்கிறார்கள்.
பொன் போயிற்று, பின்னாலேயே வெள்ளி,
கடைசியில் செப்புச் சதமும்
யார் யார் வீட்டுப் பானைக்குள்ளோ.
போர் வந்தால் முதலில் காணாமற் போவது சில்லறை.
மளிகைக்காரன், பியர் விற்றவன், முடி வெட்டியவன்
ஆளாளுக்குத் தன் பெயரில் காசடித்தான்.

இதை அடித்தவன் ஹைரம் கூன்ஸ், ஒஹாயோ.
மளிகை, மண்ணெண்ணெய்.
மறுபக்கம் பெரிய எழுத்தில் 'ஒரு சதம்'.
அதன் தலைமேல் எறும்பளவில் 'அல்ல'.
எறும்பு சட்டத்துக்கு. மிச்சம் சனத்துக்கு.
எங்கள் மொழியில் இன்னும் சுகம்:
மறுப்பு கடைசியில்தானே வரும்,
வாக்கியம் முடியுமுன் சாமான் கைமாறிவிடும்.

தொண்ணூறாம் ஆண்டு
ஏகாம்பரம் வீதியில் அப்பாவின் கடை.
கல்லாப்பெட்டி காலி.
பீடிப்பெட்டி அட்டையை நறுக்கி
ஐம்பது சதம் என்று பச்சை மையில் எழுதி
'தி' என்று ஒரு சுழி வைத்தார்.
மூன்று தெருவுக்கு அது செல்லும்.
நாலாவது தெருவில் சோதனைச் சாவடி,
அங்கே அது அட்டை.
ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது.
எந்தப் பட்டியலிலும் அதற்கு எண் இல்லை.

கூன்ஸுக்கு எண் உண்டு. எட்டு.
அப்படியென்றால் உலகம் முழுவதும் தேடினாலும்
ஐந்துக்கும் பத்துக்கும் இடையில்தான்.
கப்பலில் வந்ததா, எந்த மாலுமியின் பையில் வந்ததா,
நான் கேட்பதில்லை. கதை தராசில் ஏறாது.
பழுப்புத் தோல் கலையாமல் இருந்தால்
இவனுடைய ஆறு மாதக் கூலி.

இருந்தால்.

என் கையில் அது
வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மாதிரி மின்னியது.
"என்ன செஞ்சீங்க?"
"வீட்டுக்காரி புளி போட்டு, சாம்பல் போட்டு
ரெண்டு மணித்தியாலம் தேச்சவ.
ஊத்தையா விக்க ஏலுமா மிஸ்?"

நூற்று அறுபது வருடம்
காற்று கொஞ்சம் கொஞ்சமாய்க் கட்டிய தோல்
எலுமிச்சையளவு புளியில் போயிற்று.

இரண்டு விலையையும் சொன்னேன்.
நேற்றைய விலை, இன்றைய விலை.
சொல்லாமல் விட்டிருக்கலாம்.
அவன் நெடுநேரம் தராசையே பார்த்தான்.
"அப்ப ஊத்தைதான் காசா?"
"ஓம்."

ஆயிரத்து ஐந்நூறு தருகிறேன் என்றேன், என் சொந்தப் பணத்தில்.
"நீங்களே கேக்கிறீங்க எண்டா
இன்னும் எதோ இருக்கு,"
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.
"தேச்சவளிட்டக் கேட்டுட்டு வாறன்."
வாசலில் ஒரு மான்
அட்டைப் பெட்டி ஒன்றைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது.
அதைச் சுற்றிக்கொண்டு போனான்.

மூன்று கிழமை கழித்து நேற்று வந்தான்.
ஒற்றைத் தோடு, அடகுக்கு.
காசைப் பற்றி அவன் வாயே திறக்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
நிறுத்தேன். இரண்டு கிராம்.
திருகாணியில் சவர்க்காரம், எண்ணெய்,
ஒரு தலைமுடி.
துடைக்காமல் கொண்டுவந்திருந்தான்.